கண்ணாடிக்குள் ஒரு கடல்: உவர்நீர்த் தொட்டியில் நீர் சுழலும் வழி

வெளிமாநிலங்களில் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மவர்களிடையே மீன்தொட்டி வைக்கும் பழக்கம் புதிதல்ல. நன்னீர் மீன் வளர்த்துப் பழகிய பிள்ளைகள் இப்போது கடல்மீன் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். கடைக்காரர் மீனைக் காட்டுவார், விளக்கைக் காட்டுவார். தண்ணீர் எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஆனால் தொட்டியில் உயிர் நிலைப்பது அதில்தான் இருக்கிறது. குழாய், பம்பு வியாபாரத்திலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் அதைப் பற்றி நாலு வார்த்தை எழுத விரும்புகிறேன். சமண மரபில் வந்த எனக்கு ஓர் உயிரைக் கண்ணாடிக்குள் அடைப்பதில் உடன்பாடு இல்லை. ஆயினும் வைத்துவிட்ட பிறகு அதன் மூச்சுக்கு நாம்தானே பொறுப்பு?

பழைய யோசனைதான்

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட் என்ற ஆங்கிலேயர் 1864-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும், 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் கடல்மீன் காட்சியகங்களை அமைத்தார். காட்சித் தொட்டிகளுக்குக் கீழே வெளிச்சம் படாத பெரிய நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டி, அங்கிருந்து நீரை மேலே ஏற்றி மறுபடி கீழே இறங்கவிட்டார். இன்று வீட்டுத் தொட்டியின் கீழ் அலமாரியில் வைக்கிறோமே 'சம்ப்' என்ற அடித்தொட்டி, அது இந்த நீர்த்தேக்கத்தின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம்.

ஓட்டம் ஏன் வேண்டும்?

25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் 7 மில்லிகிராமுக்கும் குறைவாகவே தாங்கும். கையிருப்பே குறைவு என்றால் வரவு நிற்காமல் இருக்க வேண்டும் அல்லவா? மேற்பரப்பு கலங்கிக்கொண்டே இருந்தால்தான் காற்றிலிருந்து பிராணவாயு நீரில் சேரும். அசையாத நீரின் மேல் எண்ணெய்ப்படலம் போல ஓர் அழுக்கு ஆடை படரும். அடியில் கழிவு தங்கி அழுகும். இடம்விட்டு நகர முடியாத உயிரினங்களுக்கோ உணவையும் வாயுவையும் கொண்டுவந்து கழிவை எடுத்துப்போவது நீரோட்டம் ஒன்றே.

இறங்கும் நீர்

தொட்டியின் மேல் விளிம்பருகே பல் வைத்த தடுப்பு ஒன்று இருக்கும். அதைத் தாண்டி வழியும் மேல்நீர் குழாய் வழியே அடித்தொட்டிக்கு இறங்கும். அழுக்கு ஆடையும் கூடவே இறங்கிவிடும். அடித்தொட்டியில் முதலில் வடிதுணி, அடுத்து நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர், கடைசி அறையில் பம்பு என்பது நல்ல வரிசை.

இறங்குகுழாய் ஒன்று போதாது, இரண்டு வையுங்கள். முதல் குழாயில் கேட் வால்வு பொருத்தி, காற்றுப் புகாமல் நிறைந்து ஓடும்படி சரிசெய்தால் சத்தமே இருக்காது. இரண்டாவது குழாய் ஆபத்துக்கு உதவ. அதன் வாய் சற்று மேலே இருக்கட்டும், அதில் வால்வே கூடாது. நத்தையோ பாசியோ முதல் குழாயை அடைத்தால் இரண்டாவது காப்பாற்றும்.

ஏறும் நீர்

ஓர் உதாரணம் பார்ப்போம். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீர் உயரம் என்றால் தொட்டியில் 243 லிட்டர். இந்த நீர் அடித்தொட்டி வழியாக மணிக்கு ஐந்து தடவை சுற்றினால் போதும். அதாவது சுமார் 1,200 லிட்டர். பம்பின் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்கிவிடாதீர்கள். அது உயரமே ஏறாத நிலையில் கிடைக்கும் அளவு. ஒன்றரை மீட்டர் ஏறும்போது பல சிறிய பம்புகளின் ஓட்டம் பாதியாகிவிடும். ஒவ்வொரு எல்போவும் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ஆகவே அகலமான குழாய், குறைந்த திருப்பங்கள். குழாய் பி.வி.சி.யாகவே இருக்கட்டும். பித்தளை வால்வு, செம்புக் குழாய் எதுவும் கடல்நீரில் படக்கூடாது. செம்பு கரைந்தால் இறால், நத்தை போன்றவை மாண்டுபோகும்.

கரண்ட் போனால்?

இங்கேதான் கணக்கு முக்கியம். மின்சாரம் நின்றதும் பம்பு நிற்கும். ஏறுகுழாயே தலைகீழாக உறிஞ்சத் தொடங்கி, தன் வாய்மட்டம் வரை தொட்டி நீரைக் கீழே இழுத்துவிடும். நம் உதாரணத்தில் ஒரு செ.மீ. நீர் என்பது 5.4 லிட்டர். குழாய்வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர் இறங்கும். குழாய்களில் நிற்கும் நீர் ஒரு பத்து லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 37. அடித்தொட்டி 120 லிட்டர் பிடிக்கும், ஓடும்போது பாதி நிறைந்திருக்கும் என்றால் காலியிடம் 60 லிட்டர், தாங்கிவிடும். அதே வாய் 15 செ.மீ. ஆழத்தில் இருந்தால்? 81-உம் பத்தும் 91 லிட்டர். 31 லிட்டர் உப்புநீர் நம் தரையில். பிறகு கீழ்வீட்டுக்காரர் கூரையில்!

எனவே குழாய்வாய் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மட்டும் இருக்கட்டும். 'ஒருவழி வால்வு போட்டுவிட்டேனே' என்று சிலர் சொல்வார்கள். உப்புப் படிவும் பாசியும் சேர்ந்தால் அது முழுதாக மூடாது. அதை மட்டும் நம்பக்கூடாது.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. இரண்டு இறங்குகுழாயும் அடைத்துக்கொண்டால் பம்பு தன் அறையிலுள்ள நீர் முழுவதையும் மேலே தள்ளும். பம்பு அறையில் 15 லிட்டர்தான் நிற்கும் என்றால் மேல்தொட்டி 3 செ.மீ.க்குள்ளாகவே உயரும். அந்த அளவு விளிம்பை மேலே விட்டுவைத்தால் கவலையில்லை. நீர் ஆவியாவதும் இந்த அறையில்தான் முதலில் தெரியும். உப்பு ஆவியாகாது, ஆகவே குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் ஈடுசெய்ய வேண்டும்.

தொட்டிக்குள் ஓட்டம்

ஏறுகுழாய் தரும் ஓட்டம் மட்டும் போதாது. மீன் மட்டும் வைப்போர் மொத்த ஓட்டத்தைத் தொட்டி நீரின் பத்து மடங்காகவும், மென்மையான பவள இனங்கள் வைப்போர் இருபது மடங்காகவும் வைப்பது வழக்கம். மிச்சத்தை உள்ளே ஒட்டும் சுழல்விசிறிகள் தரும். ஒரே திசையில் பீய்ச்சியடிப்பது கூடாது. பாம்பனில் பருவக்காற்று மாறினால் நீரோட்டத்தின் திசையும் மாறும். நாள்தோறும் ஓதமும் மாறும். அதுபோல இரு பக்கத்திலும் விசிறி வைத்து மாற்றி மாற்றி ஓடவிடுங்கள். பாறைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் பின்னால் நீர் போக வழி விடுங்கள். எங்கே கழிவு படிகிறதோ அங்கே ஓட்டம் இல்லை என்று அர்த்தம்.

ஒரு சட்டச் செய்தியும் சொல்ல வேண்டும். 2001 முதல் கடின வகைப் பவளங்களும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. கடலில் எடுத்தவற்றை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. உப்பும் மீனும் வாங்குமுன் வெறும் நல்லதண்ணீரை நிரப்பிப் பம்பை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்துப் பாருங்கள். நீர் எதுவரை இறங்குகிறது என்று அடித்தொட்டியில் கோடு போடுங்கள். பிறகு முதல் இறங்குகுழாயைக் கையால் அடைத்துப் பாருங்கள். இரண்டு சோதனையிலும் தரை நனையாவிட்டால் அமைப்பு சரி. மின்வெட்டு நீளும் ஊர்களில் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றையும் முதலிலேயே வாங்கி வையுங்கள். அதன் விலை, ஒரு நல்ல மீனின் விலையைவிடப் பெரிதாக இராது.