மலை எப்போது மாலை ஆகிறது? மெட்டு, மாத்திரை, சுயாதீனப் பாட்டு

சினிமா வாய்ப்புக்குக் காத்திருக்காமல், தானே எழுதி, தானே மெட்டமைத்து, வீட்டு லேப்டாப்பிலேயே பதிவு செய்து வெளியிடும் தமிழ்ப் பாட்டுக்காரர்கள் இன்று நிறையப் பேர். இவர்களுடைய பாட்டுகளைப் பற்றி அடிக்கடி காதில் விழும் ஒரு குறை உண்டு: "ட்யூன் சூப்பர், ஆனா என்ன பாடுறாங்கன்னே புரியல."

உடனே உச்சரிப்பைக் குறை சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் உற்றுக் கேட்டால், பல இடங்களில் ல, ள, ழ எல்லாம் சரியாகவே இருக்கும். சிக்கல் வேறு இடத்தில்: எந்த எழுத்து எந்தச் சுரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்.

சினிமாப் பாட்டில் வார்த்தை புரியாவிட்டாலும் காட்சி, கதை, நடிகரின் முகம் எல்லாம் சேர்ந்து தாங்கிப் பிடித்துவிடும். சுயாதீனப் பாட்டுக்கு அந்தத் துணை கிடையாது. பெரும்பாலும் ஹெட்போன் வழியாகத் தனியாகத்தான் வருகிறது. வார்த்தை விழுந்தால் பாட்டே விழுந்த மாதிரி.

நீளம்தான் அர்த்தம்

தமிழில் உயிரின் நீளம் மாறினால் சொல்லே மாறிவிடும். கல் – கால், பல் – பால், விடு – வீடு, குடை – கூடை, மலை – மாலை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியமே அளவு சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் அழுத்தம்தான் பெரிய விஷயம். அழுத்தம் இடம் மாறினால் சொல் கோணலாகக் கேட்கும், ஆனாலும் பெரும்பாலும் புரிந்துவிடும். தமிழில் நீளம் இடம் மாறினால் கேட்பவர் வேறு ஒரு சொல்லைக் கேட்டுவிடுகிறார்.

இப்போது ஒரு பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். முதலில் ஒரு லூப். அதன் மேல் 'லாலா', 'நநனா' என்று வாயில் வந்ததை முணுமுணுப்பது. அது பிடித்துப்போனால் பதிவு. கடைசியில் வார்த்தை. முணுமுணுக்கும்போது எது நீளம், எது குறுக்கம் என்பதைக் குரலே முடிவு செய்துவிட்டது. வார்த்தை வரும்போது அந்த அளவுக்குள் அடங்கியே ஆகவேண்டும்.

ஒரு வரியில் சோதனை

'தா' என்றால் நீளம், 'ன' என்றால் குறுக்கம் என்று வைத்துக்கொள்வோம். மெட்டு 'தான தானா' என்று தாளத்தின் முதல் அடியிலேயே நீளமாகத் தொடங்குகிறது. அதில் 'மலை மேலே' என்று போட்டால் 'ம' போய் 'தா'வில் உட்காரும். காதில் விழுவது 'மாலை மேலே'.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி.

முதல் வழி, சொல்லை மாற்றுவது. 'குன்று மேலே' என்று போடுங்கள். 'கு' குறில்தான், ஆனால் பின்னால் 'ன்' இருக்கிறது. நீளத்தை உயிரில் இழுக்காமல் 'ன்' மேல் நிறுத்தலாம். 'குன்ன்ன்று' என்று இழுத்தாலும் சொல் கெடாது.

இரண்டாவது வழி, மெட்டை மாற்றுவது. 'ம' என்பதைத் தாளம் விழுவதற்குக் கொஞ்சம் முன்னாடியே குட்டியாகத் தொட்டுவிட்டு, 'லை'யை முதல் அடியில் நீட்டுவது. கர்நாடக இசையில் இப்படி முன்னதாக எடுப்பதை அதீத எடுப்பு என்பார்கள். 'மலை' மலையாகவே நிற்கும்.

இந்த இரண்டாவது வழிதான் சுயாதீனக் கலைஞரின் உண்மையான சொத்து என்பது என் கருத்து. திரையிசையில் பெரும்பாலும் மெட்டு முதலில் வந்துவிடும். பாடலாசிரியருக்கு அது கொடுக்கப்பட்ட அளவு. மாற்ற வேண்டுமானால் இன்னொருவரைக் கேட்க வேண்டும். எழுதுபவரும் மெட்டமைப்பவரும் ஒரே ஆள் என்றால் யாரையும் கேட்க வேண்டாம். மென்பொருளில் அந்தச் சுரத்தைப் பிடித்து அரைக் கட்டம் இடப்பக்கம் நகர்த்தினால் போதும். ஆனால் இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. தானே போட்ட மெட்டை, யாரோ கொடுத்த மெட்டு மாதிரி மதிக்கிறார்கள்.

பழைய இலக்கணம் என்ன சொல்கிறது?

"பாட்டுன்னா இழுக்கத்தானே செய்வாங்க?" என்று கேட்கலாம். சரிதான். தொல்காப்பியம் நூன்மரபின் கடைசி நூற்பாவும் அதையே ஒப்புக்கொள்கிறது: இசையில் உயிர்கள் தம் அளவைக் கடந்து ஒலிக்கும், மெய்களும் நீளும்.

நன்னூல் இன்னும் கறாரானது. செய்யுளில் அளபெடுக்கும் மெய்கள் என்று ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள ஆகிய பத்தையும், கூடவே ஆய்தத்தையும் சொல்கிறது. அவை நீள்வது ஒரு குறிலுக்கோ இரண்டு குறிலுக்கோ பின்னால். நமக்கு வேண்டிய இடமும் அதுதான். 'கண்' என்பதை நீட்ட வேண்டுமா? 'ண்'ணில் நில்லுங்கள். உயிரில் நின்றால் 'காண்' ஆகிவிடும். க், ச், ட், த், ப், ற் பட்டியலில் இல்லை. பெரும்பாலும் அங்கே காற்று அடைபட்டுவிடுகிறது, இழுக்க முடியாது.

ராப் பாடுபவர்களுக்கு அதுவே லாபம். 'எடு' – 'எட்டு' வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள். 'ட்'டில் ஒரு நொடிக்கும் குறைவான மௌனம், பிறகு வெடிப்பு. டிரம் அடி மாதிரி. ராப் பேச்சின் அளவுக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் குறில் நெடில் கெடுவதும் குறைவு. 2006-இல் மலேசியாவிலிருந்து வந்த யோகி பியின் 'வல்லவன்', 2019-இல் அறிவும் ஆஃப்ரோவும் வெளியிட்ட 'தெருக்குரல்' இரண்டையும் இந்தக் காதோடு ஒருமுறை கேளுங்கள்.

2021 மார்ச்சில் வந்த பாட்டின் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: 'என்ஜாய் எஞ்சாமி'. ஒன்று ஆங்கிலம், ஒன்று தமிழ். இரண்டிலும் முதலில் மெல்லின மெய்யில் முடியும் குறில், அடுத்து ஒரு நெடில். எடை அப்படியே பொருந்துகிறது. அதனால்தான் வாயில் ஒட்டிக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்து பார்க்க

வரியை முதலில் மெட்டில்லாமல் பேசிப் பதிவு செய்யுங்கள். அடுத்து பாடிப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் மென்பொருளில் மேலும் கீழுமாக வைத்து, நீளமான சுரம் ஒவ்வொன்றிலும் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். நெடிலா, இழுக்கக்கூடிய மெய்யா, சொல்லின் கடைசி உயிரா? பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சொல்லின் முதல் குறிலா? அங்கே நின்று யோசியுங்கள்.

கடைசியாக, பாட்டைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் 'மாலை' என்று எழுதினால் அவரைத் திருத்தாதீர்கள். மெட்டைத் திருத்துங்கள்.