காணாமற்போன ஒரு பக்கம்

1941-ம் ஆண்டு ஜெர்மனியில் ஒரு தத்துவ நூலின் புதிய பதிப்பு வெளிவந்தது. முந்திய பதிப்புகளின் தொடக்கத்தில் இருந்த சமர்ப்பணப் பக்கம் மட்டும் அதில் இல்லை. அது எங்கே போயிற்று?

நூலின் பெயர் 'இருத்தலும் காலமும்'. ஆசிரியர் மார்ட்டின் ஹைடெகர். மாதா கோயில் ஊழியம் பார்த்து, பீப்பாயும் செய்து பிழைத்த ஒருவரின் மகன். 1927-ல் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 37.

"மரம் இருக்கிறது, நான் இருக்கிறேன்" என்று தினமும் சொல்லுகிறோம். அந்த 'இருக்கிறது' என்பதற்கு என்ன பொருள்? கிரேக்க ஞானிகள் எழுப்பிய இந்தக் கேள்வியை உலகம் மறந்துவிட்டது என்கிறார் ஹைடெகர்.

சுத்தியலும் சாவும்

தச்சர் வேலை செய்யும்போது சுத்தியலைப் பற்றி நினைப்பதில்லை. பிடி முறிந்த பிறகுதான் அதை உற்றுப் பார்க்கிறார். அதுபோல, உலகத்தை நாம் முதலில் அறிவது தள்ளி நின்று ஆராய்ந்து அல்ல, அதில் புழங்கித்தான் என்பது அவர் வாதம்.

மனிதனும் பெரும்பாலும் 'நாலு பேர்' போன வழியிலே போகிறான். நாலு பேர் மெச்சுவதை மெச்சுகிறான். நாலு பேர் ஏசுவதை ஏசுகிறான். யார் அந்த நாலு பேர்? ஒருவரையும் சுட்டிக் காட்ட முடியாது! ஆனால் ஒருவனுடைய சாவை இன்னொருவன் ஏற்றுக்கொள்ள முடியாது. அதை மனதார உணர்ந்தவனே தன் வாழ்வைத் தானே ஏற்கிறான்.

எழுதியவர் செய்தது என்ன?

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டே ஹைடெகர் பிரைபர்க் சர்வகலாசாலைக்குத் தலைவரானார். நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். மறு ஆண்டு பதவியை விட்டார். கட்சியை விடவில்லை.

காணாமற்போன பக்கத்தில் இருந்த பெயர் எட்மண்ட் ஹுஸ்ஸர்ல். ஹைடெகரைக் கைதூக்கி விட்ட பேராசிரியர். யூதராகப் பிறந்தவர். 1938-லேயே காலமாகிவிட்டார். நூலுக்குத் தடை வரும் என்று பதிப்பாளர் அஞ்சியதால் சமர்ப்பணத்தை நீக்கச் சம்மதித்ததாகவும், உள்ளே ஹுஸ்ஸர்லுக்கு நன்றி கூறும் அடிக்குறிப்பை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் ஹைடெகர் 1966-ல் ஒரு பேட்டியில் சொன்னார். 1976-ல் அவர் இறந்த பிறகே அந்தப் பேட்டி அச்சேறியது.

2014 முதல் அவருடைய 'கறுப்புக் குறிப்பேடுகள்' வெளிவந்தன. அவற்றில் யூதர்களை இழிவாகப் பேசும் வரிகள் இருந்தன. சர்ச்சை மீண்டும் மூண்டது. நூலையே ஒதுக்க வேண்டும் என்றார்கள் சிலர். ஆள் வேறு, நூல் வேறு என்றார்கள் சிலர். பிரான்ஸின் சார்த்தரும், ஹைடெகரின் யூத மாணவியான ஹன்னா ஆரென்ட்டும் இந்தச் சிந்தனையிலிருந்து நிறையப் பெற்றுக்கொண்டவர்கள் என்பதும் உண்மை.

ஒதுக்கிவிட்டால் ஒரு பெரிய கேள்வியை இழப்போம். ஆளை மறந்து படித்தாலோ, நாலு பேர் பிடி எத்தனை வலியது என்பதற்கு அவர் வாழ்வே தரும் சாட்சியை இழப்போம். போருக்குப் பிந்திய பதிப்புகளில் ஹுஸ்ஸர்ல் பெயர் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. நூலைப் பிரிப்பவர்கள் அந்தப் பக்கத்தில் சற்று நின்றுவிட்டு மேலே படிப்பது நல்லது.