வீடு கட்டக் கொடுக்குமுன்...



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நம்ம ஓசூரில் அதை தினமும் பார்க்கலாம். சிப்காட்டைச் சுற்றி, மத்திகிரி பக்கம், ஜூஜூவாடி பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீடாவது கம்பியை நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கும். கம்பெனியில் ஷிப்டு பார்த்துச் சேர்த்த பணம், பாங்க் கடன், மனைவியின் நகை, இவை மூன்றும் சேர்ந்துதான் அந்தச் சுவர். வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரே ஒரு வீடு கட்டுகிறார். கான்ட்ராக்டரோ வருஷத்துக்குப் பல வீடு கட்டுகிறார். இருவரில் யாருக்கு விவரம் அதிகம்? சற்றே சிந்தியுங்கள்!

நான் சிவில் படிப்பவன். என் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள் வேலைக்குப் போனவர். எனவே இந்தக் கதையை நான் சுவருக்கு மறுபக்கம் நின்று பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார். 800 சதுர அடி வீடு. மொத்தம் 16 லட்சத்துக்குப் பேச்சு. "கம்பி விலை ஏறப் போகுது சார், இப்பவே எடுத்துடலாம்" என்று சொல்லிச் சொல்லி, லிண்டல் மட்டம் வருவதற்குள் 11 லட்சம் வாங்கிவிட்டார். ஒரு திங்கட்கிழமை ஆள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அப்பாவுக்கு மூன்று வாரக் கூலி பாக்கி. ஆனால் வீட்டுக்காரர் சத்தம் போட்டது யாரிடம்? எதிரில் நின்ற அப்பாவிடம்தான்! "தப்பு பண்ணது ஒருத்தன், திட்டு வாங்குறது ஒருத்தன்" என்று அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவே இல்லை.

ஒப்பந்தம் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஒரு தாளைக் காட்டினார். அதில் இருந்தது ஒரே வரி: சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய். கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்!

லைசென்ஸ் உண்டா?

"லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் கொடுங்க" என்று எல்லோரும் சொல்கிறோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே 1929 முதல் ஒரு வாரியம் இருக்கிறது. அங்கே வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு அட்வான்ஸாக மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம்.

நம் ஊரில் அப்படி இல்லை. பொதுப்பணித் துறையில் பதிவு செய்த கான்ட்ராக்டர்கள் உண்டு. அது அரசாங்க வேலைக்கான பதிவு. தனி வீடு கட்டித் தருகிறவருக்கு என்று மாநில அரசின் லைசென்ஸ் எதுவும் கிடையாது. நாலு ஆளும் ஒரு கலவை மிஷினும் இருந்தால் அவர் கான்ட்ராக்டர்! 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டமும் மனை, அடுக்குமாடி கட்டி விற்பவர்களுக்கானது. நம் சொந்த மனையில் கூலிக்குக் கட்டித் தருபவரை அது தொடாது.

அப்படியென்றால் எதைத்தான் பார்ப்பது? மூன்று இடத்தில் அரசாங்கத்தின் முத்திரை உண்டு.

ஒன்று, வரைபடம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்ற விதிகளின்படி கட்டுமானத்துக்கு அனுமதி வேண்டும். 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. வசதிதான். ஆனால் முன்கூட்டியே வந்து யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பதால், தப்பு நடந்தால் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில்!

இரண்டு, பதிவு பெற்ற பொறியாளர். உள்ளாட்சியிலோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ பதிவு எண் வாங்கியவர். எண்ணைக் கேளுங்கள். அஸ்திவாரம் தோண்டும் அன்றும் ரூஃப் போடும் அன்றும் நேரில் வருவாரா என்றும் கேளுங்கள்.

மூன்று, மின்சார வேலை. லைசென்ஸ் என்ற சொல் நம் ஊரில் முழுக்கப் பொருந்துவது இதற்குத்தான். மின் காண்ட்ராக்டருக்கு உரிமம், வயர்மேனுக்குத் தகுதிச் சான்றிதழ் இரண்டையும் தருவதற்கு மாநில வாரியமே இருக்கிறது. எல்லைப் பகுதி என்பதால் அந்தப் பக்கத்து ஆட்களும் இங்கே வந்து வேலை செய்கிறார்கள். எந்த மாநிலத்தில் வீடோ அந்த மாநிலத்துக்குச் செல்லும் உரிமமா என்று பாருங்கள்.

கான்ட்ராக்டரைப் பொறுத்தவரை அவர் கட்டிய வீடுகள்தான் சான்றிதழ். மூன்று வீட்டு விலாசம் கேளுங்கள். கிரகப்பிரவேசம் முடிந்து ஒரு மழைக்காலமாவது கண்ட வீடாக இருக்கட்டும். ரூஃப் ஒழுகுகிறதா, சொன்ன தேதிக்கு முடித்தாரா, கணக்கில் தகராறு உண்டா என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டால் உண்மை வந்துவிடும்!

தாளில் என்ன எழுதுவது?

முதலில் லேபர் கான்ட்ராக்டா, மெட்டீரியலோடு சேர்த்தா என்பது. லேபர் என்றால் சிமெண்ட், கம்பி, எம்.சாண்ட், ஜல்லி எல்லாம் வீட்டுக்காரர் பாடு. மெட்டீரியலோடு என்றால் என்ன பிராண்டு சிமெண்ட், என்ன கம்பி, எத்தனை அங்குலச் சுவர், ஒரு அறைக்கு எத்தனை சுவிட்ச் பாயிண்ட், டைல்ஸ் சதுர அடி என்ன விலையில் என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். "நல்ல குவாலிட்டி" என்று எழுதினால் அதற்கு அர்த்தமே கிடையாது. செப்டிக் டாங்க், சம்ப், காம்பவுண்டு சுவர் கணக்கில் சேருமா என்பதையும் எழுதுங்கள். முக்கால்வாசிச் சண்டை இங்கேதான் வருகிறது. முடிக்கும் தேதி, வேலையிடத்தில் விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதும் வேண்டும்.

அடுத்தது பணம். வேலைக்குப் பின்னால்தான் பணம் போக வேண்டும், முன்னால் ஓடக் கூடாது. அதே 16 லட்சத்துக்கு நான் போட்ட கணக்கு இது:

அட்வான்ஸ் 5 சதவீதம் – 80 ஆயிரம்
பேஸ்மட்டம் முடிந்ததும் 20 – 3.2 லட்சம்
லிண்டல் மட்டம் 15 – 2.4 லட்சம்
ரூஃப் கான்கிரீட் 25 – 4 லட்சம்
பூச்சு வேலை 15 – 2.4 லட்சம்
தரை, கதவு, மின்சாரம் 15 – 2.4 லட்சம்
சாவி வாங்கிய பின் 5 – 80 ஆயிரம்

இப்படிப் போயிருந்தால் லிண்டல் மட்டத்தில் அந்த வீட்டுக்காரர் கொடுத்திருக்க வேண்டியது 6.4 லட்சம்தான். கொடுத்தது 11 லட்சம். வித்தியாசம் 4.6 லட்சம்! ஓடிப் போனவர் ஓடியது இந்தப் பணத்தோடுதான்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

இஞ்சினியர் இல்லாத நாளிலும் வீட்டுக்காரரே பார்க்கக் கூடியவை சில உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் ஏறத்தாழ 10.7 கிலோ. கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். 9 கிலோதான் நிற்கிறது என்றால் கம்பியைத் திருப்பி அனுப்புங்கள்.

1:1½:3 கலவையில் ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது ஐ.எஸ். 456 கணக்கு. கலவை கொழகொழவென்று ஓடினால் கொட்ட எளிது, பலம் குறைவு. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ரூஃபுக்கு முட்டை 7 நாளைக்கு முன் எடுக்கக் கூடாது, அதற்கு மேல் என்றால் 14 நாள். "சென்ட்ரிங் பலகை வேற சைட்டுக்குப் போகணும்" என்பார்கள். விடாதீர்கள்!

தகராறு வந்தால்?

வீடு கட்டித் தருவதும் ஒரு சேவை என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆனால் அங்கே முதலில் கேட்பது தாளையும் ரசீதையும்தான்.

போன வருஷம் அப்பா முதன்முதலாக ஒரு வீட்டை லேபர் கான்ட்ராக்டாக எடுத்தார். நான் ஒப்பந்தம் எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாம் கண்ணு, எழுதிக் கேட்டா நம்பிக்கை இல்லாதவன்னு நினைச்சுக்குவாங்க" என்றார். விடாமல் இரண்டு பக்கம் எழுதினேன். வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, இது எனக்கும் நல்லதுதானே" என்று கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு மட்டத்துக்கும் பணம் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்களுக்குக் கூலி போனது. எங்கள் வீட்டில் நான் எழுதிய எழுத்து முதன்முதலில் சோறு போட்டது அன்றைக்குத்தான்!

நமக்கு ஒரு வார்த்தை

நண்பர்களே, டிப்ளமோவோடு அனுபவமும் சேர்ந்தால் நாளை நாமும் பதிவு பெற்ற பொறியாளர் ஆகலாம். அப்போது யாராவது வந்து, "சைட்டுக்கெல்லாம் வர வேணாம் சார், பிளானில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று கேட்பார்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் என் அப்பா அம்மாவைப் போல் கட்டட வேலைக்கு வந்தவர்கள்.

வீட்டுக்காரர் நம்புவது நம் கையெழுத்தை. அடியில் நின்று வேலை செய்பவர் நம்புவதும் அதைத்தான். பார்க்காத சுவருக்குக் கையெழுத்துப் போடாதிருப்போம்!