வீட்டு வாகன உயர்த்தி

வீட்டு வாகன உயர்த்தி என்பது தானுந்து போன்ற ஊர்திகளைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்துவதற்காக வீட்டின் வாகனக் கொட்டகையில் நிறுவப்படும் ஒரு பொறி ஆகும். எண்ணெய் மாற்றுதல், பிரேக் பழுதுபார்த்தல், புகைக்குழாய் மாற்றுதல் போன்ற பணிகளை நின்றுகொண்டே செய்ய இது உதவுகின்றது. ஒரு தானுந்தின் கீழ் மற்றொன்றை நிறுத்தி இடத்தைச் சேமிக்கவும் பயன்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் தனி வீடுகளோடு இணைந்த வாகனக் கொட்டகைகள் பரவலாக இருப்பதால், தம் ஊர்திகளைத் தாமே பழுதுபார்ப்போர் அங்கு இப்பொறியை விரும்பி நிறுவுகின்றனர். இக்கட்டுரை முதன்மையாக அந்நாட்டு நடைமுறையை விளக்குகின்றது.

ஒரு டன்னுக்கு மேற்பட்ட பளுவின் அடியில் மனிதர் நின்று பணிபுரிவதால், இப்பொறியின் தேர்வில் விலையை விடப் பாதுகாப்பே முதன்மையானது. பாதுகாப்பு என்பது பொறியின் வலிமையை மட்டும் சார்ந்ததன்று. அது நிற்கும் தரையும் அதே அளவு முக்கியமானது.

வரலாறு

தொடக்க காலத்தில் ஊர்தியின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்கத் தரையில் குழி தோண்டப்பட்டது. குழியினுள் தவறி விழும் வாய்ப்பு இருந்தது. மேலும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், அது குழியில் தேங்கித் தீப்பிடிக்கும் அபாயமும் இருந்தது. 1920களில் டென்னசி மாநிலத்தின் மெம்பிசு நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி நீர்ம அழுத்தத்தால் இயங்கும் வாகன உயர்த்தியை உருவாக்கினார். முடிதிருத்தகத்தில் உயர்ந்து தாழும் நாற்காலியைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதாகக் கூறப்படுகின்றது. தொடக்ககால உயர்த்திகளில் உருளை தரைக்குள் புதைக்கப்பட்டிருந்தது. தரைக்கு மேல் நிறுவக்கூடிய தூண் வகைகள் பின்னர் வந்தன. இவற்றாலேயே வீடுகளில் நிறுவுவது எளிதாயிற்று.

செயற்படும் முறை

பெரும்பாலான உயர்த்திகள் பாசுக்கலின் விதியின் அடிப்படையில் இயங்குகின்றன. மின்னோடி ஒன்று எக்கியை இயக்க, எக்கி எண்ணெயை அழுத்தத்துடன் உருளைக்குள் செலுத்துகின்றது. உருளையினுள் உள்ள உந்துதண்டு வெளிப்பட்டுப் பளுவை உயர்த்துகின்றது.

எடுத்துக்காட்டாக, 2,000 கிலோகிராம் எடையுள்ள ஊர்தியை இரண்டு உருளைகள் சமமாகத் தாங்குவதாகக் கொள்வோம். ஒவ்வோர் உருளையின் மீதும் ஏறத்தாழ 9,800 நியூட்டன் விசை செயற்படும். உருளையின் உள்விட்டம் 6 சென்டிமீட்டர் எனில் அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர சென்டிமீட்டர். எனவே எண்ணெயின் அழுத்தம் ஏறத்தாழ 35 பார் ஆகும். சங்கிலியும் கப்பியும் கொண்டு உந்துதண்டின் நகர்வை இருமடங்காக்கும் அமைப்பில், அழுத்தமும் இருமடங்காகி 70 பார் அளவை எட்டும்.

ஊர்தியை உயர்த்துவது எண்ணெய். பணியின்போது தாங்குவதோ இயந்திரப் பூட்டு. தூண்களில் குறிப்பிட்ட இடைவெளிகளில் அமைந்த படிகளில் எஃகுப் பூட்டு விழுகின்றது. விரும்பிய உயரத்தை அடைந்ததும் ஊர்தியைச் சற்றே இறக்கிப் பூட்டின் மேல் அமரச் செய்ய வேண்டும். அதன்பின் எண்ணெய்க் குழாய் வெடித்தாலும், அடைப்பான் கசிந்தாலும் ஊர்தி கீழே வராது. பூட்டில் அமராத ஊர்தியின் அடியில் செல்லலாகாது.

வகைகள்

இருதூண் உயர்த்தி: ஊர்தியின் இரு பக்கங்களிலும் தூண்கள் நிற்க, அவற்றிலிருந்து நீளும் நான்கு கைகள் அடிச்சட்டகத்தைத் தாங்குகின்றன. சக்கரங்கள் தொங்குவதால் பிரேக், அதிர்வுதாங்கி முதலியவற்றைப் பழுதுபார்க்க ஏற்றது. இதைத் தரையுடன் கட்டாயம் பிணைக்க வேண்டும்.

நான்குதூண் உயர்த்தி: ஊர்தி தன் சக்கரங்களிலேயே இரு தடங்களின் மேல் நிற்கின்றது. ஊர்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துவதற்கு இதுவே பொருத்தமானது. பளு நான்கு தூண்களின் வழியே நேராகக் கீழிறங்குவதால், தரையுடன் பிணைக்கத் தேவையில்லாத வகைகளும் உள்ளன. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமெனில், தடங்களுக்கு இடையே தனி ஜாக்கி தேவைப்படும்.

கத்தரி உயர்த்தி: கத்தரிக்கோல் போல விரியும் சட்டங்களைக் கொண்டது. கூரை தாழ்வான கொட்டகைகளுக்கு ஏற்றது. ஆயினும் அதன் சட்டங்கள் ஊர்தியின் நடுப்பகுதியை மறைப்பதுண்டு.

தேர்வு செய்தல்

முதலில் அளக்க வேண்டியது கூரையின் உயரம். கூரை 9 அடி, அதாவது ஏறத்தாழ 2.74 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், ஊர்தியின் உயரம் 1.5 மீட்டர் எனவும் கொள்வோம். மேலே 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், ஊர்தியை 1.14 மீட்டர் மட்டுமே உயர்த்த இயலும். அதன் அடிப்பகுதி ஏற்கனவே தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், அடியில் கிடைப்பது ஏறத்தாழ 1.3 மீட்டர். முக்காலியில் அமர்ந்து பணிபுரிய இது போதும். நின்று பணிபுரியப் போதாது. நிற்பதற்கு 1.8 மீட்டர் வேண்டுமெனில், கூரை குறைந்தது 3.25 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். திறந்த நிலையில் கூரைக்கடியில் நிற்கும் கொட்டகைக் கதவு, அதன் தண்டவாளம், விளக்குகள் ஆகியவற்றையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது தாங்கும் திறன். வீடுகளில் நிறுவப்படும் இருதூண் உயர்த்திகள் பல 9,000 முதல் 10,000 இறாத்தல் வரை, அதாவது ஏறத்தாழ 4.1 முதல் 4.5 டன் வரை தாங்குவன. ஆயினும் ஒவ்வொரு கையின் திறனும் மொத்தத் திறனில் நான்கில் ஒரு பங்கே. இயந்திரம் முன்புறம் இருக்கும் ஊர்தியில் முன்கைகள் மிகுந்த பளுவைத் தாங்குவதால், மொத்த எடையை மட்டும் பார்ப்பது போதாது.

அமெரிக்காவில் 1945 இல் நிறுவப்பட்ட வாகன உயர்த்திக் கழகம் உயர்த்திகளுக்கான தரங்களை வெளியிடுகின்றது. அத்தரங்களின்படி சோதிக்கப்பட்ட பொறிகள் அதற்கான முத்திரையைத் தாங்கியிருக்கும். ஐரோப்பாவில் ஈஎன் 1493 என்னும் தரம் வழக்கில் உள்ளது.

தரை

இருதூண் உயர்த்தியில் பளு தூணின் மேல் நேராக அமைவதில்லை. கைகளின் முனையில், தூணுக்கு உட்புறமாக அமைகின்றது. எனவே தூண் உட்புறம் சாய முயல்கின்றது. ஒரு தூணின் பங்கான ஒரு டன் பளு, அடித்தகட்டின் உள்விளிம்பிலிருந்து 40 சென்டிமீட்டர் உட்புறத்தில் செயற்படுவதாகவும், தகட்டின் மறுபுற போல்ட்டுகள் அவ்விளிம்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும் கொள்வோம். நெம்புகோல் விதிப்படி அந்த போல்ட்டுகளை ஏறத்தாழ ஒரு டன் விசை மேல்நோக்கி இழுக்கும். இது மேல்விட்டத்தின் உதவியைச் சேர்க்காத எளிய கணக்கு. இவ்விழுவிசையைத் தாங்குவது காங்கிரீட் மட்டுமே.

இதனால் உற்பத்தியாளர்கள் தரைக்கு வரையறைகளை விதிக்கின்றனர். பொதுவாக 4 முதல் 4.25 அங்குலத் தடிப்பும், சதுர அங்குலத்துக்கு 3,000 இறாத்தல் அமுக்க வலிமையும் கேட்கப்படுகின்றன. குறிப்பிட்ட உயர்த்திக்குரிய அளவை அதன் கையேட்டில் காண வேண்டும். ஒரு மூலையில் சிறு துளையிட்டுத் தரையின் உண்மையான தடிப்பை அறியலாம். தரை போதாதெனில், அப்பகுதியை வெட்டியெடுத்து உரிய ஆழத்துக்குப் புதிய காங்கிரீட் இட்டு, வழக்கமாக 28 நாட்கள் இறுக விட வேண்டும். பழைய தரையின் மேல் மெல்லிய காங்கிரீட் பூச்சு இடுவது பயனற்றது.

சில வீடுகளின் தரையினுள் இழுத்துக் கட்டப்பட்ட எஃகு வடங்கள் உள்ளன. துளையிடும்போது அத்தகைய வடம் அறுந்தால், பெரும் விசையுடன் வெளிப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். வடங்களின் இடத்தைக் கருவி கொண்டு கண்டறியாமல் இத்தரையில் துளையிடலாகாது.

நிறுவுதல்

1. தூண்களின் இடத்தைத் தரையில் குறித்து, மூலைவிட்டங்களை அளந்து செங்கோணத்தைச் சரிபார்த்தல்.
2. விரிசல்களிலிருந்தும் காங்கிரீட்டின் விளிம்பிலிருந்தும் கையேடு கூறும் தொலைவில் துளையிடுதல்; துளையிலுள்ள தூசியை முழுவதும் அகற்றுதல்.
3. தூண் செங்குத்தாக நிற்கும்படி அடியில் எஃகுத் தகடுகளைச் செருகுதல்.
4. போல்ட்டுகளைக் குறிப்பிட்ட முறுக்கு அளவுக்கு இறுக்குதல். ஒரு போல்ட் இறுகாமல் சுழன்றுகொண்டே இருந்தால் காங்கிரீட் வலுவற்றது என்பதற்கு அது அறிகுறி.
5. வடங்களைச் சரிசெய்து, இரு பக்கப் பூட்டுகளும் ஒரே நேரத்தில் விழுவதை உறுதிசெய்தல்.
6. முதலில் வெறுமையாகவும், பின்னர் ஊர்தியுடனும் இயக்கிச் சோதித்தல்.

மின்னோடிக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் 220 வோல்ட்டுத் தனி மின்சுற்று தேவைப்படுகின்றது. அதனை உரிமம் பெற்ற மின்பணியாளரே அமைப்பது நன்று.

பயன்பாடும் பராமரிப்பும்

கைகளை ஊர்தி உற்பத்தியாளர் குறித்த தாங்கு புள்ளிகளில் மட்டுமே பொருத்த வேண்டும். சக்கரங்கள் தரையை விட்டுச் சற்று உயர்ந்ததும் நிறுத்தி, ஊர்தியை இலேசாக அசைத்துப் பார்ப்பது வழக்கம். இயந்திரம் போன்ற கனமான பகுதியைக் கழற்றினால் ஈர்ப்பு மையம் இடம்பெயரும் என்பதால், முன்கூட்டியே உயரமான தாங்கிகளை வைக்க வேண்டும்.

வடங்களில் அறுந்த இழைகள், எண்ணெய்க் கசிவு, தளர்ந்த போல்ட்டுகள் ஆகியவற்றைத் தவறாமல் கவனிக்க வேண்டும். பணியிடங்களிலுள்ள உயர்த்திகளைத் தகுதி வாய்ந்த ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும் என அமெரிக்கத் தரம் கூறுகின்றது. வீட்டு உயர்த்தியை வந்து சோதிப்பார் எவருமிலர். ஆகவே அப்பொறுப்பு உரிமையாளரையே சாரும்.

இவற்றையும் பார்க்கவும்

பாசுக்கலின் விதி
நெம்புகோல்
கப்பி
காங்கிரீட்