கட்சிக்காரர் இல்லாத வழக்கு

நாவல் படிப்பது வெறும் பொழுதுபோக்கு என்றும், படித்த நாவலைப் பற்றிக் கூடிப் பேசுவது அதனினும் வீணான காரியம் என்றும் நமது தேசத் தொண்டர்களில் பலர் எண்ணி வருகின்றனர். கூட்டம் என்றால் அதில் தலைவர் ஒருவர் இருக்க வேண்டும். தீர்மானம் நிறைவேற வேண்டும். மறுநாள் பத்திரிகையில் செய்தி வர வேண்டும். இவை ஒன்றும் இல்லாமல் பத்து நண்பர்கள் மாதம் ஒரு முறை கூடி, எல்லோரும் முன்னரே படித்து வந்த ஒரு நாவலைக் குறித்து இரண்டு மணி நேரம் பேசிக் கலைந்தால், அதனால் நாட்டுக்கு விளையும் பயன் யாது என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூற முற்படுகிறோம்.

நாவலுக்கும் நாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று அந்நிய சர்க்கார்கூட எண்ணியதில்லை. கல்கியின் 'தியாக பூமி' 'ஆனந்த விகட'னில் தொடராக வந்து, 1939-ல் படமாகவும் வெளிவந்தபோது, அப்படத்தைப் பின்னர் அவர்கள் தடை செய்தார்கள். ஒரு கதை ஜனங்களின் உள்ளத்தில் என்ன செய்யும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சேறியது. அதை இயற்றிய வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் முன்சீபாக இருந்தவர். வாதி, பிரதிவாதி இருவர் கூற்றையும் கேட்டுப் பழகிய ஒருவர் நம் மொழியில் நாவலைத் தொடங்கி வைத்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. ஏனெனில், நாவலின் சாரமே அதுதான். மேடைப் பிரசங்கத்தில் ஒரு பக்கம் மட்டுமே பேசும். நல்ல நாவலில் எல்லாப் பக்கங்களும் பேசும்.

ஆனால் இதைத் தனியே படித்தால் போதாதா, கூடிப் பேசுவது எதற்கு என்று கேட்கலாம். தனியே படிப்பவன் தான் விரும்பிய பாத்திரத்தோடு சேர்ந்துகொண்டு, விரும்பாத பாத்திரத்தைத் தண்டித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறான். அதே புத்தகத்தைப் படித்த அயல் வீட்டார் வேறு தீர்ப்பு எழுதியிருக்கிறார் என்று தெரியும்போதுதான் தன் தீர்ப்பின் காரணங்களை அவன் தேட வேண்டியவனாகிறான். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதை 1966-ல் வெளிவந்தபோது எழுந்த சர்ச்சையை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கெடுக்கப்பட்ட மகளின் தலையில் நீரை ஊற்றி, 'நீ தூய்மையானவள்' என்று ஏற்றுக்கொண்ட அந்தத் தாயைச் சிலர் போற்றினர், பலர் தூற்றினர். அந்தச் சர்ச்சைக்கு ஆசிரியர் அளித்த விடை அறிக்கை அன்று, ஒரு நாவல். தாய் அவ்வாறு ஏற்காதிருந்தால் அப்பெண்ணின் கதி என்னவாகியிருக்கும் என்று ஆராய்ந்து அவர் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972-ல் சாகித்திய அகாதமியின் பரிசைப் பெற்றது. வாசகர்களின் வாதமே ஒரு பெரிய நூலுக்கு வித்தாயிற்று.

இன்னோர் உதாரணமும் கூறுவோம். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, அன்றைய தஞ்சை ஜில்லாவின் கீழ்வெண்மணியில், விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர். இக்கொடுமையை அடிப்படையாகக் கொண்டது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. நிலப்பிரபுவின் குரூரத்துக்கு அவனுடைய அந்தரங்கக் குறை ஒன்றையும் காரணமாக ஆசிரியர் காட்டியது, கூலிப் போராட்டத்தின் உண்மையையே திசை திருப்பிவிட்டது என்று இடதுசாரி விமர்சகர்கள் கண்டித்தனர். அவ்வாறன்று, தனி மனிதனின் மனத்தை ஊடுருவுவதே நாவலின் கடமை என்று மற்றவர்கள் வாதித்தனர். இவற்றில் எது சரி? ஒரு விவசாயச் சங்கத் தொண்டரும், நிலமுள்ள குடும்பத்தில் பிறந்த ஆசிரியரும், சேரியில் பிறந்து கல்லூரியில் பயிலும் பெண்ணும் ஒரே பாயில் அமர்ந்து இதைப் பேசுவார்களாயின், அங்கே நடப்பதை வீண் பொழுதுபோக்கு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இங்கேதான் நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம் இருக்கிறது. நியாயஸ்தலத்தில் வாதிடும் வக்கீல் தம் கட்சிக்காரருக்குக் கட்டுப்பட்டவர். எதிர்த் தரப்பின் வாதம் தம் மனத்துக்குச் சரியென்று பட்டாலும் அதை ஒப்புக்கொள்ளும் சுதந்திரம் அவருக்கு இல்லை. அரசியல் மேடையில் பேசுபவரும் அவ்வாறே தம் கட்சிக்குக் கட்டுப்பட்டவர். நமது பொது வாழ்வில் வாதம் குறைந்துவிடவில்லை. எதிரியின் வாதத்தைக் கேட்டு, 'ஆம், இதை நான் யோசிக்கவில்லை' என்று சொல்லும் வழக்கமே அருகிவிட்டது. நாவலைப் பற்றிய பேச்சிலோ, எந்தத் தரப்பிலும் கட்சிக்காரர் இல்லை. தோற்றால் செலவுத் தொகை கட்ட வேண்டியதில்லை. ஜெயித்தால் பதவி கிடைப்பதில்லை. ஆகவே, மனிதன் அச்சமின்றித் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளப் பழகக்கூடிய இடம் அது. அப்பழக்கம் இல்லாத நாட்டில் ஜனநாயகம் வெறும் தலை எண்ணும் சடங்காகிவிடும். கூட்டம் கூடவும் சங்கம் அமைக்கவும் 1950-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சாசனம் நமக்கு உரிமை அளித்திருக்கிறது. அந்த உரிமையைக் கோஷமிடுவதற்கு மட்டுமே பயன்படுத்துவது, விளைநிலத்தை வாங்கிக் களத்துமேட்டை மட்டும் அனுபவிப்பதற்கு ஒப்பாகும்.

இத்தகைய கூட்டுறவு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இல்லத்தில் கூடிய 'வட்டத் தொட்டி'யைப் பற்றிக் கேளாத இலக்கிய அன்பர் இல்லை. டி. கே. சி.யும் சட்டம் பயின்றவரே. அங்கே பெரும்பாலும் ருசிக்கப்பட்டது கவிதை. 1970-ல் சென்னையில் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்போ, மாதந்தோறும் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை உண்டாக்கியது. கவிதைக்கும் சிறுகதைக்கும் செய்ததை நாவலுக்கும் ஊர்தோறும் செய்ய வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

நிற்க, இதை நடத்தும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்டால் அது பொதுக்கூட்டமாகிவிடும். படிக்காமல் வருபவர் கேட்கலாம், பேசலாகாது. எதைச் சொன்னாலும் நூலின் இன்ன பக்கத்தில் இதற்கு ஆதாரம் என்று காட்டிச் சொல்ல வேண்டும். மாதந்தோறும் வேறொருவர் கூட்டத்தை நடத்த வேண்டும். நிரந்தரத் தலைவர் கூடாது. பொன்னாடை, மாலை, வரவேற்புரை, நன்றியுரை ஆகிய நான்கையும் வாசற்படிக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும். நமது இலக்கியக் கூட்டங்களில் பாதிப் பொழுதை இந்த நான்கும் அல்லவா தின்றுவிடுகின்றன!

எங்கே கூடுவது? ஒருவர் வீட்டில் கூடினால், அவ்வீட்டின் படி ஏறத் தயங்குவோர் வெளியே நின்றுவிடுவர். பெண்களும், நாட்கூலித் தொழிலாளரும், வேறு ஜாதியாரும் உரிமையோடு வந்து உட்காரக்கூடிய இடம் பொது நூலகமே. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக, வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்தி வருகிறோம். எனவே அந்தக் கூரை நமது கூரை.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கிளை நூலகங்களில் ஆயிரம் புத்தகங்கள் இருக்கலாம். ஒரே நாவலின் பத்துப் பிரதிகள் இருப்பது அரிது. பத்துப் பேர் ஒரே மாதத்தில் ஒரே நூலைப் படிக்க வேண்டுமானால் பத்துப் பிரதிகள் வேண்டும். இதற்குப் புதிதாகப் பணம் தேவையில்லை. ஒரு ஜில்லாவின் பல கிளைகளில் ஒவ்வொன்றாகச் சிதறிக் கிடக்கும் பிரதிகளை ஒன்று சேர்த்து, இம்மாதம் ஒரு கிளைக்கும் அடுத்த மாதம் மற்றொரு கிளைக்கும் சுற்றுக்கு அனுப்பினால் போதும். கூட்டத்துக்கென்று மாதம் ஒரு மாலை இரண்டு மணி நேரம் அதிகமாகக் கதவைத் திறந்து வைத்தால் போதும். ஜில்லா நூலக ஆணைக்குழுக்கள் இதைச் செய்ய முன்வரும் என்று நம்புகிறோம். வராவிடில், நேயர்கள் மனுச் செய்து கேட்க வேண்டும்.

தேர்தல்கள் வரும், போகும். கட்சிகள் சேரும், பிரியும். தன்னோடு மாறுபடுபவனைப் பகைவனென்று எண்ணாமல் இரண்டு மணி நேரம் எதிரே அமர்ந்து கேட்கத் தெரிந்த பத்துப் பேர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார்களாயின், எந்தக் கட்சி ஆண்டாலும் அவ்வூர் கெட்டுப்போகாது. அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருக்க நேயர்கள் இம்மாதமே முற்படுவார்களாக.