கூடவே ஒண்ணு

பேகோபுரத் தெரு முனையில் நான் டீ குடிக்கிற கடைக்குக் காலையில் பூக்காரம்மா ஒருத்தர் வருவார். நான் மருந்துக்கடையில் முப்பது வருஷம் நின்றவன் என்று அவருக்குத் தெரியும். போன வாரம் கூடையை இறக்கிவிட்டு, சுருக்குப்பையிலிருந்து மூன்று மாத்திரை அட்டைகளை எடுத்து பெஞ்சில் வைத்தார். தம்பிக்கு மனநோய். ஆறு வருஷமாக மாத்திரை.

"மூணே மூணுதான்ணா. ஆனா நாக்கு ஒட்டிக்குதுங்கறான். மூணு நாளா வெளிக்குப் போவல. காலைல சொன்னது சாயந்தரம் மறந்துடுது. நோவு முத்திடுச்சா?"

அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். முதலாவது தனியார் டாக்டர் எழுதியது. பெயருக்குப் பின்னால் 'ப்ளஸ்' என்றிருந்தது. பொடி எழுத்தில் ரிஸ்பெரிடோன் 3 மில்லிகிராம், ட்ரைஹெக்ஸிபெனிடில் 2 மில்லிகிராம். இரண்டாவது ஓலன்சபைன். மூன்றாவது, வேறொரு ஆஸ்பத்திரியில் தந்தது: வெறும் ட்ரைஹெக்ஸிபெனிடில், 2 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று.

"மாத்திரை மூணும்மா, மருந்தும் மூணுதான். ஆனா ஒரே மருந்து ரெண்டு அட்டையில இருக்கு."

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன் இரண்டும் மூளையில் டோபமைனின் வேலையை மட்டுப்படுத்துகிறவை. காதில் கேட்கும் குரல்களும் சந்தேகமும் அடங்கும். அளவு கூடினால் கை நடுங்கும், உடம்பு மரக்கட்டை மாதிரி விறைக்கும். அந்த விறைப்புக்குத்தான் ட்ரைஹெக்ஸிபெனிடில். அது அசிடைல்கோலினைத் தடுக்கிறது. அசிடைல்கோலின்தான் எச்சில் ஊறவும், குடல் நகரவும், ஞாபகம் பதியவும் வேண்டியது. நாக்கு ஒட்டுவது, வயிறு கட்டுவது, மறதி, மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து வழி இருக்கிறது. ஓலன்சபைனும் தன் பங்குக்கு அதே பக்கம்தான் தள்ளும்.

விறைப்பு வராதவருக்கும் முன்னெச்சரிக்கையாக ட்ரைஹெக்ஸிபெனிடில் போன்றதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே சொல்லிவிட்டது. நம் பக்கம் இட்லிக்குச் சட்னி மாதிரி கூடவே வந்துவிடுகிறது. கம்பெனிகள் ஒரு படி மேலே போய் மனநோய் மருந்தையும் இதையும் ஒரே மாத்திரையாக அமுக்கிவிட்டன. விலை குறைவு, விழுங்குவது சுலபம் என்பது உண்மை. ஆனால் டாக்டர் ஒன்றை மட்டும் குறைக்க நினைத்தால் முடியாது. சட்னியை இட்லிக்குள்ளேயே வைத்து அவித்தாயிற்று. இந்தியாவில் விற்கும் இப்படிப்பட்ட மனநலக் கூட்டு மருந்துகளில் பலவற்றுக்கு மத்திய அரசின் அனுமதிப் பதிவே இல்லை என்று 2015-இல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு காட்டியது.

"அப்போ நம்மூருல மட்டும்தான் இப்படியாண்ணா?"

இல்லை. ஜப்பானிய மனநல மருத்துவர் நவோதகா ஷின்ஃபுகு, சிங்கப்பூர், தைவான் சகாக்களோடு சேர்ந்து, ஆசியாவில் மருந்துச்சீட்டுகளை எண்ணும் வேலையைத் தொடங்கினார். 2001-இல் சீனா, ஹாங்காங், ஜப்பான், கொரியா, சிங்கப்பூர், தைவான் என்று ஆறு இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் சுமார் 2,400 பேரின் சீட்டுகளைப் பார்த்தார்கள். ஜப்பானில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பேருக்கு மனநோய் மருந்தே இரண்டோ அதற்கு மேலோ. சீனாவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. நோய் ஒன்றுதான், எழுதும் கைதான் வேறு. பிறகு வந்த சுற்றுகளில் இந்தியாவும் சேர்ந்தது.

ஜப்பானியர்களை மட்டும் திட்டக் கூடாது. மற்ற மருந்துகள் கேட்காத நோய்க்குக் கடைசி ஆயுதம் குளோசபைன். வெள்ளணு குறைகிறதா என்று ரத்தம் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டியது. சீனாவில் அது தாராளமாகப் புழங்கியது. ஜப்பான் அதற்கு அனுமதி கொடுத்ததே 2009-இல்தான். கடைசி ஆயுதம் கையில் இல்லாதவர் இருப்பதையே அடுக்குவார் என்பது என் கணிப்பு. 2014-இல் அந்நாட்டு அரசு, ஒரே வகை மருந்தை அடுக்கி எழுதும் மருத்துவருக்குத் தரும் கட்டணத்தையே குறைத்தது. அதுவரை கேட்காத காது அப்போது கேட்டது என்று கிண்டலாகச் சொல்லலாம்.

இன்னொரு காரணம் சாதாரணமானது. ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, புதியதைக் கூட்டிப் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நடுவில் நோயாளி தெளிந்துவிடுவார். யாருக்கும் பழையதைத் தொட மனம் வராது. டாக்டர் மாறுவார், ஊர் மாறும், பாதி வழியில் நின்றதே நிரந்தரச் சீட்டாகிவிடும். இந்தத் தம்பியின் ஓலன்சபைன் அப்படி ஒட்டிக்கொண்டதாகத்தான் எனக்குப் பட்டது.

அதற்காக இரண்டு மருந்து என்றாலே தப்பு என்றும் இல்லை. பின்லாந்தில் 62,250 நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், குளோசபைனோடு அரிப்பிப்ரசோல் சேர்த்தவர்கள்தான் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வது மிகக் குறைவாக இருந்தது. யோசித்துச் சேர்த்த இரண்டு வேறு, மறந்து விட்ட இரண்டு வேறு.

"எதை நிறுத்தட்டும்?" என்றார் பூக்காரம்மா.

"எதையும் நீ நிறுத்தாத. திடீர்னு விட்டா விறைப்பு திரும்பும், தூக்கம் போவும், நோவும் கிளம்பிக்கும். வயிறு கட்டினதை இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும். இந்த மருந்துல அதைச் சும்மா விடக் கூடாது."

பால் கணக்கு நோட்டில் ஒரு தாள் கிழித்து மருந்துகளின் பெயரை, பிராண்டை அல்ல, அளவோடு வரிசையாக எழுதினேன். இரண்டு தடவை வரும் பெயருக்குக் கீழே கோடு போட்டேன். மூன்று அட்டைகளையும் சேர்த்து டாக்டர் முன் வைக்கச் சொன்னேன். அன்றே போனார். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, தனியாக வந்த மாத்திரையில் காலை வேளையை மட்டும் குறைத்து, வயிற்றுக்கு ஒரு சிரப் எழுதி, பத்து நாளில் வரச் சொல்லியிருக்கிறார்.

"இதை யாரும்மா எழுதித் தந்ததுன்னு கேட்டாருண்ணா."

"என்ன சொன்ன?"

"டீக்கடைன்னேன்."