கொடைக்கானலில் பாம்பு முட்டையிடுமா?

வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு வட்டம், தவளைக்கு ஒரு வட்டம் என்று தொடக்கப்பள்ளிச் சுவர்களில் வாழ்க்கைச் சுழற்சிப் படங்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே அச்சில் ஊர்வனவற்றுக்கும் ஒரு வட்டத்தை வார்த்துக் கொடுத்துவிடுகிறோம்: முட்டை, குஞ்சு, வளர்ந்த விலங்கு, மறுபடியும் முட்டை. பிள்ளைகளும் அதை வரைந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் படத்தைக் கொடைக்கானல் மேல்மலையில் ஒரு பள்ளிச் சுவரில் மாட்டினால் என்ன ஆகும்? வெளியே பூண்டு வயலின் மண்ணுக்குள் நெளியும் பாம்புக்கு அது பொருந்தாது. சோலைக்காட்டுப் புதரில் சுருண்டு கிடக்கும் குழிவிரியனுக்கும் பொருந்தாது. இரண்டும் குட்டி போடுகிறவை. ஊர்வனவற்றின் வாழ்க்கையை அந்தந்த ஊர் விலங்கிலிருந்து தொடங்கி, வெப்பத்தை மையமாக வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. அதற்குப் பழனி மலையும் அதன் அடிவாரமும் நல்ல சாட்சிகள்.

மண்ணுக்குள் நெளியும் அந்தப் பாம்புக்குக் கேடயவால் பாம்பு என்று பெயர். பழனி மலையின் பெயரையே தாங்கிய இனம் ஒன்று இந்தக் குடும்பத்தில் உண்டு: யூரோபெல்டிஸ் புல்னியென்சிஸ். படையிலிருந்து வனத்துறைக்கு வந்த பெட்டோம் என்ற ஆங்கிலேயர் 1863-இல் அதை விவரித்து எழுதினார். நீளம் ஒரு முழத்துக்குள் அடங்கும். மண்ணைத் துளைக்கத் தோதாகத் தலை கூராக இருக்கும். வால் அதற்கு நேர்மாறாக மொட்டை. இந்தக் குடும்பத்தில் பல பாம்புகளுக்கு யாரோ கத்தியால் சாய்வாகச் சீவிவிட்டதுபோல் இருக்கும். சொரசொரப்பான அந்த முனையில் மண் அப்பிக்கொண்டு, துளைக்கு மூடிபோல ஆகிவிடும். தின்பது மண்புழு. நஞ்சு கிடையாது, கடிக்கவும் முனையாது. ஆனாலும் தலை எது, வால் எது என்று சட்டெனப் புரியாததால் ‘இருதலைப் பாம்பு’ என்று பெயர் கட்டி, மண்வெட்டியால் இரண்டாக்கிவிடுவது நம் வழக்கம். மழைக்குப் பிறகு மண்ணைக் கொத்தும்போது வெளிப்படுகிற இந்த அப்பாவியின் வயிற்றில் மூன்று முதல் ஒன்பது குட்டிகள் வரை இருக்கலாம்.

ஏன் குட்டி? இந்தக் கேள்வியில்தான் பாடமே இருக்கிறது. பழனி நகரத்து வேலியோரத்தில் ஓணான் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஈரமண்ணில் குழி பறித்து, பத்திருபது முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுகிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. அடைகாக்கும் வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் விரல் நீள ஓணான்கள் தாமாகவே மேலே வருகின்றன. கொடைக்கானலோ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் காலத்துப் பகலே 20 டிகிரி அளவில்தான். இரவு அதில் பாதிக்கு இறங்கிவிடும். அங்கே மண்ணில் கைவிடப்பட்ட முட்டை, மேகமும் பனியும் விட்ட வழி என்று கிடக்க வேண்டியதுதான். தாயின் வயிற்றில் இருந்தால் நிலைமை வேறு. தாய் வெயிலைத் தேடிப் போகும், கல்லடியில் கதகதப்பைத் தேடும், குளிர்ந்தால் இடம் மாறும். நடமாடும் அடைகாப்பான் அது. ஐரோப்பாவில் ஒரே பல்லி இனம் தெற்கே சில இடங்களில் முட்டையிடுகிறது, வடக்கே குட்டி போடுகிறது. பல்லி, பாம்பு வகைகளில் குட்டி போடும் வழக்கம் தனித்தனியே நூறு தடவைக்கு மேல் தோன்றியிருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்குக் குளிர்தான் தூண்டுதல் என்பது வலுவான கருத்து.

‘அப்படியானால் சமவெளியின் கொதிக்கும் காட்டில் கண்ணாடி விரியன் ஏன் குட்டி போடுகிறது?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்க வேண்டும். மண்ணுளிப் பாம்பும் சமவெளியில் குட்டிதான் போடுகிறது. எதிர்ப்பக்கத்தில், ஆனைமலை, பழனி மலைச் சோலைகளின் குளிரிலேயே வாழும் ஆனைமலை முள் ஓணான் முட்டையிடுகிறது. ஆக, குளிர் என்பது எல்லாப் பூட்டுக்கும் சாவி ஆகாது. கேடயவால் பாம்புக் குடும்பத்தில் தாழ்ந்த நிலத்து இனங்களும் குட்டியே போடுகின்றன. இன்றைய மலைக்குளிரின் விளைவு என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது, முன்னோர் வழிவந்த சொத்தும் அதில் இருக்கிறது. இந்தச் சிக்கலை மறைத்துவிட்டு ‘குளிர்ந்த ஊரில் குட்டி, சூடான ஊரில் முட்டை’ என்று புது வாய்ப்பாடு ஒன்றைப் பிள்ளைகள் தலையில் ஏற்றினால், பழைய வட்டத்தையே வேறு சாயத்தில் மாட்டியதாக ஆகும்.

வெப்பத்தின் கை எவ்வளவு நீளம் என்று காட்ட மலையை விட்டு மேற்கே இறங்க வேண்டும். ஆனைமலை அடிவாரத்தில், அமராவதி அணைக்கு அருகே 1976-இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணை இருக்கிறது. அங்கே இருப்பவை சதுப்பு முதலைகள். இந்த இனத்து முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது கூட்டின் சூடுதான். 28 முதல் 31 டிகிரி வரை ஒரே சீராக இருந்தால் எல்லாம் பெண், 32.5 டிகிரியில் ஆண். அதே 1976-இல் சென்னை முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் கொடைக்கானலில் பள்ளிப் படிப்பு படித்தவர் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம். அவரும் சகாக்களும் அந்தப் பண்ணையில் இன்னொன்றையும் பதிவு செய்தார்கள்: தாய் மட்டுமல்லாமல் தந்தை முதலையும் பொரித்த குஞ்சுகளை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டுபோய் விடுகிறது. தன் குஞ்சைத் தானே தின்னும் முதலை ஐங்குறுநூற்றில் வருகிறது. முதலை சிறு முதலையைத் தின்பது உண்டு, பொய்யில்லை. ஆனாலும் கரையில் நின்ற யாரோ இந்தக் கவ்விச் செல்லும் காட்சியைத்தான் பார்த்திருப்பார்களோ என்று எனக்கு ஓர் ஐயம். குஞ்சு என்ற பெயரிலும் ஒரு பாடம் இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் பறவைகளின் இளமைப் பெயர்களையே தவழ்வனவற்றுக்கும் கொடுக்கிறது. இன்றோ நாம் பாம்புக்குட்டி என்கிறோம், ஆமைக்குஞ்சு என்கிறோம், முட்டையிலிருந்து வந்த நாகத்தையும் குட்டி என்கிறோம். குஞ்சா, குட்டியா என்று பெயரைக் கேட்டே ஒரு வகுப்பைத் தொடங்கிவிடலாம்.

முதலில் விதி, பிறகு விலக்கு என்பதுதானே கற்பிக்கும் முறை என்பார்கள் ஆசிரியர்கள். நியாயமான பேச்சு. ஆனால் மேல்மலைப் பிள்ளைக்கு விலக்கு எது? வாசலில் இருக்கும் பாம்பு விலக்கு, படத்தில் மட்டும் பார்த்த பாம்பு விதி என்று சொன்னால், படிப்பு வேறு, ஊர் வேறு என்றுதான் அது புரிந்துகொள்ளும். பெற்றோரின் எதிர்ப்பு இன்னும் கனமானது: பாம்புப் பக்கம் பிள்ளையை ஏன் தள்ளுகிறீர்கள்? தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு இது வெறும் பயம் இல்லை. குழிவிரியன் குட்டி பிறந்த கணத்திலேயே நஞ்சோடு பிறக்கிறது. நம் மருத்துவமனைகளில் இருக்கும் நஞ்சு முறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகச் செய்யப்பட்டது; குழிவிரியனுக்கு அது ஆகாது. குழிவிரியன் கடியால் சாவு அரிது என்றாலும் வீக்கமும் வலியும் கடுமை. இத்தனையும் வாழ்க்கைச் சுழற்சிப் பாடத்தின் பகுதிதான். ‘சின்னதுதானே’ என்று கை நீட்டக்கூடாது என்று அறிந்த பிள்ளை, அறியாத பிள்ளையைவிடப் பாதுகாப்பானது.

தொட்டுப் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. பாம்பைப் பிடிப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எப்படியும் அனுமதிக்காது. செண்பகனூரில் 1895-இல் ஏசு சபையினர் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகம், இந்த மலையின் உயிர்களைப் பதப்படுத்தி வைத்திருக்கிறது. வகுப்பறைச் சுவரில் பல்லி இருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் அதன் வெள்ளை முட்டை ஓடு கிடக்கும். ஒரு வெப்பமானியை வெயிலில் உள்ள கல்லடியிலும் நிழல் மண்ணிலும் வாரம் ஒருமுறை வைத்துக் குறித்துவந்தால், முட்டைக்கு எந்த இடம் ஏற்றது என்று பிள்ளைகளே தர்க்கம் செய்வார்கள்.

மேல்மலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் இருக்கும் படத்தைக் கழற்ற வேண்டாம். முட்டைக்குப் பக்கத்தில், மொட்டை வாலோடு ஒரு சிறு குட்டியையும் பென்சிலால் வரைந்துவையுங்கள்; அது என்ன என்று பிள்ளைகள் கேட்கட்டும்.